அரிசித் தட்டில் ஆரம்பிக்கலாம்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. நோட்டைத் திறந்தாலே அழுகிறான். 'அ' எழுதவே திணறுகிறான். வீட்டில் எப்படிப் பழக்குவது?
– ஒரு வாசகி, தேனி

பதில்: 'அ'வைக் கொஞ்ச நாள் விட்டுத்தள்ளுங்கள் அம்மா. அந்தச் சுழியும் வளைவும் பிஞ்சு விரலுக்குப் பெரும்பாடு. 'ட'வில் தொடங்குங்கள்: ஒரு நின்ற கோடு, ஒரு படுத்த கோடு. வலப்பக்கம் இன்னொரு கோட்டை நிறுத்தினால் 'ப'. கூடவே 'ம', மேலே ஒரு புள்ளி. முதல் வாரத்திலேயே 'படம்', 'பட்டம்' என்று எழுதிவிடுவான். அந்தக் குஷிதான் முக்கியம்.

பென்சில் அப்புறம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதட்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தானே எழுதினார்கள்? தப்பினால் தடவிவிட்டால் போச்சு.

247 எழுத்து என்று மலைக்காதீர்கள். துணைக்கால் பிடிபட்டால் கா, பா, மா எல்லாம் தானே வரும். கு, சு, து வரிசைதான் தகராறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோலம். அங்கே நிதானம்.

இரவில் ஒரு கதை, வரியில் விரல் ஓட்டி வாசித்துக் காட்டுங்கள். எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதற வேண்டாம். இந்த வயதில் சகஜம். ஏழு வயதைத் தாண்டியும் எழுத்து பிடிபடவில்லையென்றால் குழந்தைநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.