தோட்டத்துப் பழைய பந்தாட்ட டீமின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

இலங்கை மலையகத்தின் டிம்புள வட்டாரத்துத் தோட்டத் துரைமாருக்கு ராதெல்லவில் கிளப்பும் மைதானமும் இருந்தன. அவர்கள் ஆடிய ஆட்டம் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஏறியது. வேலை விட்டு வந்து பந்தடித்த லயத்துப் பையன்களைப் பற்றி அப்படி எழுதிவைக்க ஆளில்லை. அதே வட்டாரத்து அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் பழைய டீம்களை நாம்தான் தேட வேண்டும், அதுவும் வயதானவர்கள் இருக்கும்போதே.

முதலில் ஒரு தோட்டம், ஒரு டீம் என்று எல்லை போடுங்கள். டயகம, டொரிங்டன், கிளாஸ்கோ எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துப்போட்டால் எதுவும் முடியாது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், சனங்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர், டிவிசன் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தாளில் எந்தப் பெயர் இருக்குமென்று சொல்ல முடியாது.

பிறகு ஆடியவர்களிடம் போங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "வெள்ளைக்காரத் துரை இருந்தப்பவா தாத்தா, அரசாங்கம் எடுத்த பிறகா?" என்று கேளுங்கள். கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது 1975இல். நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது 1992இல். எழுபதுகளின் பஞ்சம், 1977, 1983 கலவரங்கள் ஆகியவையும் காலத்தைப் பிடிக்க உதவும். பந்து வாங்கக் காசு யார் போட்டது, பெனியன் என்ன நிறம், கிரவுண்ட் எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஒரே மெட்ச்சைப் பற்றி இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பது அவசியம்.

குரூப் படம் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே, வெளிச்சத்தில், முன்னும் பின்னும் போனில் எடுங்கள். நிற்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக அன்றே எழுதுங்கள். ராமசாமிகள் பல பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரையும் லயத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பலர் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு: இந்தியாவுக்குப் போனவர்களைத் தேடுவது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் கோல் காத்தவனும் இருந்தான், கெப்டனும் இருந்தான். டீம் கலைந்ததற்குக் காரணம் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்களின் குடியுரிமையையும் கேளுங்கள். இந்தியாவில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய சொந்தக்காரர்களைப் போனில் பிடியுங்கள். இங்கே இல்லாத படம் அவர்களுடைய பெட்டியில் இருக்கலாம்.

பெயரும் உத்தேசக் காலமும் கைக்கு வந்தபின்தான் பத்திரிகை. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. பழைய இதழ்களுக்குக் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை அணுகுங்கள். தீபாவளி, பொங்கலை ஒட்டிய வாரங்களை முதலில் புரட்டுங்கள். நூலகம் இணையத் தொகுப்பில் மலையக மலர்களையும் பாருங்கள். தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் இருந்து, அனுமதியும் கிடைத்தால், ஒருவர் அந்தக் காலத்தில் அங்கே பேர் பதிந்தவரா என்று உறுதிசெய்யலாம். அதிலுள்ள சம்பளம், கடன் விவரங்களை வெளியிடாதீர்கள்.

சாட்சிகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் பெயர்ப் பட்டியலை ஆடியவர்களிடமே வாசித்துக் காட்டித் திருத்துங்கள். ஒரு பிரதி தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று நூலகத்துக்கும் போகட்டும்.