சுளுக்கு எடுத்தாச்சு, கால் சரியாச்சா?

“நரம்பு மேல நரம்பு ஏறிடுச்சு. நீவி எடுத்தா சரியாப் போயிடும்.”

கும்பகோணத்தைச் சுற்றி எந்த ஊரில் கால் பிரண்டாலும் முதலில் காதில் விழும் தீர்ப்பு இதுதான். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். பேச்சோடு பேச்சாக எண்ணெயைச் சுடவைக்கவும் தொடங்கிவிடுகிறார். சம்பா நடவில் வரப்பு வழுக்கியவருக்கும், பொங்கல் கபடியில் இறங்கிய பையனுக்கும், சலங்கை கட்டிய பெண்ணுக்கும், போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞருக்கும் இதே வைத்தியம்தான். நாலு நாளில் வலி குறைகிறது. எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த வருடம் அதே கால் மறுபடி பிரளும்போது “அது ராசியில்லாத கால்” என்கிறார்கள். ராசிக்கு இதில் வேலையில்லை. முதல் சுளுக்கை முழுதாகக் குணப்படுத்தவில்லை என்பதுதான் காரணம்.

கணுக்காலில் நரம்பின் மேல் நரம்பு ஏறுவதில்லை. தச்சர் துளையடித்துக் கட்டையைப் பொருத்துவதுபோல, முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பாதத்தின் மேல் எலும்பு பொருந்தியிருக்கிறது. வெளிப்பக்கத்தில் மூன்று ஜவ்வுகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது மூன்றில் முன்னால் இருப்பதும் பலம் குறைந்ததுமான ஜவ்வு முதலில் இழுபடுகிறது. நார் நாராகக் கிழிகிறது; சில சமயம் அறுந்தே போகிறது. உள்ளே ரத்தம் கசிவதால்தான் வீக்கமும், மறுநாள் குதிகால் வரை பரவும் நீலமும்.

பொருந்தியிருக்கும் அந்த எலும்பின் வடிவத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அது முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். குந்தும்போது அகலமான பகுதி உள்ளே நுழைந்து மூட்டு இறுகிவிடும். விரல்நுனி கீழ்நோக்கிச் சாய்ந்தால் குறுகிய பகுதி வந்து உட்காரும், மூட்டு தளர்ந்துவிடும். மகாமகக் குளத்துப் படிகளில் ஏறும்போதைவிட இறங்கும்போது கால் எளிதில் பிரள்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாட்டியத்திலும் இதே கணக்குதான். பந்தநல்லூரும் வழுவூரும் பரதத்துக்குத் தங்கள் பெயரிலேயே பாணி கொடுத்த ஊர்கள். இந்த வட்டாரத்தில் ஆடக் கற்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களின் பெற்றோர், முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அரைமண்டியில் கணுக்கால் இறுகித்தான் நிற்கிறது. குதித்து மெட்டு அடவில் விரல்நுனியில் வந்து இறங்குகிற நொடிதான் கவனிக்க வேண்டியது, அதுவும் உடம்பு களைத்திருக்கும்போது.

இனி நீவலுக்கு வருவோம். நீவினால் வலி குறைவது உண்மை. தோலை இதமாகத் தேய்த்தால் வலி உணர்வு சற்று நேரம் மங்கும். ஆனால் அன்றைக்குக் கிழிந்த ஜவ்வை அன்றைக்கே கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் கசிவு கூடும், கிழிசலும் பெரிதாகலாம். காலைச் சுண்டும்போது ‘டக்’ என்று கேட்பது மூட்டு நீரில் உருவாகும் வாயுக் குமிழியின் சத்தம். விலகிய எதுவும் இடத்தில் போய் உட்கார்ந்ததற்கு அது அடையாளம் இல்லை. எலும்பில் விரிசல் இருந்து அதன் மேல் நீவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் மூன்று நாள் யாரும் அழுத்தி நீவக் கூடாது. காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும் என்ற நம்பிக்கையை இடுப்புப் பிடிப்புக்கே நான் ஏற்கமாட்டேன். வீங்கிய கணுக்காலுக்கு அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் போடும் பற்று, மூசாம்பரப் பற்று, நொச்சி ஒத்தடம் இவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பற்று காய்ந்து இறுகும்போது கொஞ்சம் பிடிமானம் கிடைக்கிறது, மனசுக்கும் தெம்பு. ஆனால் கிழிந்த ஜவ்வை அது ஒட்டவைக்காது. கொதிக்கக் கொதிக்கப் போட்டுத் தோல் வெந்துபோவதும் உண்டு. முதல் இரண்டு நாள் சூடே வேண்டாம், வீக்கம் கூடும். ஐஸ் வைக்கலாமா என்றால், துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி அடங்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்ற நான்கையும் 1978-இல் ஒரு சூத்திரமாகச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

“நடக்க முடியுதுல்ல, அப்ப எலும்புக்கு ஒண்ணும் இல்ல” என்பது இன்னொரு தீர்ப்பு. வெளிக்கணு எலும்பில் விரிசலோடு நொண்டி நொண்டி வீடுவரை நடந்து வந்தவர்கள் உண்டு. எலும்பு முறிவைச் சந்தேகித்து எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று தீர்மானிக்கக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஒரு எளிய விதியை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். கணு எலும்பு உள்ளும் புறமும் புடைத்திருக்கிறதல்லவா, அதன் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே தட்டுப்படும் முண்டையும், உள் ஓரத்தில் கணுவுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பையும் அழுத்திப் பாருங்கள். இவற்றில் எந்த எலும்பை அழுத்தினாலும் சுள்ளென்று வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்ட உடனேயும் பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். கால் கோணியிருந்தாலோ, மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ இந்தச் சோதனைகூட வேண்டாம், நேரே மருத்துவமனைதான். வளரும் பிள்ளைகளுக்கு ஜவ்வைவிட எலும்பின் வளரும் முனை பலவீனமானது. அவர்கள் விஷயத்தில் வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம்.

எக்ஸ்ரே எடுத்து “ஒண்ணும் இல்ல” என்று வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வு தெரியாது.

“சுளுக்குதானே, ஒரு வாரம்” என்பவர்கள் கிரிக்கெட் வீரர் ஹர்திக் பாண்டியாவை நினைத்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 19, புனேயில் வங்கதேசத்துடன் உலகக் கோப்பை ஆட்டம். தான் வீசிய பந்தைக் காலால் தடுக்கப் போனவரின் இடது கணுக்கால் மடங்கியது. சில ஆட்டங்களில் திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். நவம்பர் 4 அன்று தொடரிலிருந்தே விலகினார். ஐபிஎல் களத்துக்குத் திரும்பியது 2024 மார்ச்சில். நாட்டின் சிறந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பக்கத்திலேயே இருந்த ஒருவருக்கு ஐந்து மாதம். எல்லாச் சுளுக்கும் அப்படி இழுக்காது. ஆனால் ஒரு வாரம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

இப்போது, எல்லாவற்றிலும் அதிகக் கெடுதல் செய்யும் நம்பிக்கை: “வலி போயிடுச்சு, கால் சரியாயிடுச்சு.”

ஜவ்வு வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று நொடிக்கு நொடி செய்தி அனுப்பும் உணர்முனைகள் அதற்குள் இருக்கின்றன. அந்தச் செய்தி கிடைத்தவுடன் காலின் வெளிப்பக்கத் தசைகள் பாதத்தை இழுத்து நேர்செய்கின்றன. இதெல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடக்க வேண்டிய காரியம். ஜவ்வு கிழியும்போது இந்த உணர்வும் சேதமாகிறது என்று 1965-இல் சொன்னவர் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன். சுளுக்கியவர்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அடிபட்ட காலில் அவர்கள் தள்ளாடினார்கள். ஆடும் பலகையில் நின்று பழகியவர்களுக்குத் தள்ளாட்டம் குறைந்தது. இன்றைய பிசியோதெரபி கணுக்காலுக்குச் செய்வதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

வலி சில வாரத்தில் போய்விடும். உணர்வு தானாக முழுதும் திரும்பாது. அதைப் பழக்க வேண்டும். பழக்காமல் களத்துக்குத் திரும்புபவரின் கால் சமதரையில் ஒழுங்காக இருக்கும். கபடியில் ரெய்டு போய், கணுக்கால் பிடியிலிருந்து உதறித் திரும்பும் நொடியில், அல்லது வரப்பில் புல் மூடிய நண்டு வளையில் கால் இறங்கும் நொடியில், செய்தி தாமதமாகப் போகும். மறுபடி அதே இடம் கிழியும். சுளுக்கியவர்களில் பத்தில் நான்கு பேர் வரை கால் அடிக்கடி ‘விட்டுப்போகும்’ நிலைக்கு ஆளாகிறார்கள் என்று ஆய்வுகள் கணக்கிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படிப் போனால் மூட்டே தேயத் தொடங்கும்.

இதற்கான மருந்து கடையில் இல்லை, வீட்டுச் சுவரோரம் இருக்கிறது. ஊன்றி நடக்கக் கடும் வலி இல்லாத நாளிலிருந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் முப்பது நொடி நில்லுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு. பிறகு கண்ணை மூடி. பிறகு மடித்துப் போட்ட கோணிச் சாக்கின் மேல். அதுவும் பழகியதும், நின்றபடி ஒருவர் எறியும் பந்தைப் பிடித்துத் திருப்பி எறியுங்கள். பழைய சைக்கிள் டியூபை மேசைக் காலில் மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கமாக இழுங்கள். குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குங்கள். ஆற்று மணலில் நடப்பது கடைசிக் கட்டத்துக்கு நல்லது, முதல் வாரத்துக்கு அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 765 பள்ளி விளையாட்டு வீரர்களை வைத்து 2006-இல் வெளியான ஆய்வில், இப்படிச் சமநிலைப் பயிற்சி செய்தவர்களிடம் கணுக்கால் சுளுக்கு 38 சதவீதம் குறைந்தது. நெதர்லாந்து வாலிபால் அணிகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில் பலன் தெரிந்தது, ஏற்கெனவே சுளுக்கியிருந்தவர்களிடம்தான். ஒருமுறை சுளுக்கியவர் இந்தப் பயிற்சியை விடவே கூடாது.

“உயரமான ஷூ வாங்கிட்டா பயமில்ல.” கூடைப்பந்து ஆடும் 600-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் உயர ஷூவையும் சாதா ஷூவையும் ஒப்பிட்ட 1993-ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கயிறு இழுத்துக் கட்டும் ஆங்கிள் சப்போர்ட் உதவும், குறிப்பாகத் திரும்பக் களமிறங்கும் முதல் சில மாதங்களில். அதைப் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

“ஓடறதுக்கு முன்னாடி நல்லா ஸ்ட்ரெச் பண்ணிட்டா அடிபடாது.” 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பழகும் தம்பிகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்த 1538 பேரை 12 வாரம் கவனித்து 2000-இல் வெளியான ஆய்வில், ஓடுமுன் நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடித்ததால் கால் காயங்கள் குறையவில்லை. மெதுவாக ஓடி, பக்கவாட்டில் நகர்ந்து, சின்னச் சின்னதாகக் குதித்து உடம்பைச் சூடேற்றுவதே மேல்.

மாவுக்கட்டு விஷயம் கொஞ்சம் சிக்கலானது. சாதாரணச் சுளுக்குக்கு வாரக்கணக்கில் கட்டிவைத்தால் தசை மெலிந்து மூட்டு இறுகும். சீக்கிரம் அசைப்பதே நல்லது. ஆனால் கால் ஊன்றவே முடியாத கடுஞ்சுளுக்கு வந்த 584 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், பத்து நாள் மாவுக்கட்டு போட்டவர்கள், வெறும் உறைக்கட்டு போட்டவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நன்றாக இருந்தார்கள். ஒன்பதாம் மாதத்தில் இரு தரப்பினரும் ஒன்றுதான். எது எவருக்கு என்பதை மருத்துவர் காலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, இதெல்லாம் விளையாடுகிறவர்கள் சமாச்சாரம் என்ற எண்ணம். டெல்டாவில் வழுக்கும் வரப்பில், வெறுங்காலோடு, தலையில் நாற்றுக்கட்டோடு நடக்கும் பெண்களைவிடக் கணுக்காலை அதிகம் சோதிக்கிறவர்கள் யார்? அவர்களுக்குப் பயிற்சியாளர் இல்லை. கூலி போய்விடும் என்பதால் ஓய்வும் இல்லை. முடிந்தால் சில நாள் சுமை வேண்டாம். முடியாவிட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு, பாதிச் சுமையோடு, கையில் ஒரு கம்போடு நடக்கட்டும். நடவு நடத்துபவர்கள் அவர்களைக் கரையிலேயே நாற்று முடியும் வேலைக்கு மாற்றலாம். இரவு பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை அவர்களும் செய்யலாம், அதற்குக் காசில்லை.

களத்துக்குத் திரும்பலாமா என்று தீர்மானிக்க நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், நல்ல காலோடு ஒப்பிடுங்கள். அடிபட்ட காலில் கண்ணை மூடி நிற்கும் நேரம், நல்ல காலில் நிற்கும் நேரத்துக்கு ஏறத்தாழச் சமமாக வேண்டும். ஒற்றைக் காலில் முன்னோக்கியும் பக்கவாட்டிலும் மும்மூன்று தடவை தாண்டிப் பாருங்கள். இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே தூரம் தாண்ட வேண்டும், இறங்கும்போது கால் உதறக் கூடாது. எட்டு வடிவத்தில் ஓடித் திரும்பிப் பாருங்கள். இவற்றில் ஒன்றில் தடுமாறினாலும் இந்தப் பொங்கலுக்கு வேறொருவரை அணியில் இறக்கிவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காலைக் காட்டுங்கள்.