முதலாளியின் கருத்தும் சோதனைக்கு வரட்டும்

கேள்வி: பெட்ஷீட், துண்டு, திரைச்சீலை விற்கும் ஆன்லைன் கடை நடத்துகிறேன். சொந்த வெப்சைட். தினமும் சுமார் 1,000 பேர் வருகிறார்கள், 20 ஆர்டர் விழுகிறது. அதில் 15 கேஷ் ஆன் டெலிவரி. அவற்றில் நான்கில் ஒரு பார்சல் வாங்கப்படாமல் திரும்பி வந்துவிடுகிறது. பெரிய கம்பெனிகள் எதையாவது சோதித்துக்கொண்டே இருப்பதாகப் படித்துவிட்டு, ‘புதுசா ஏதாவது செஞ்சு பாருங்க’ என்று என்னிடம் வேலை பார்க்கும் 12 பேரிடமும் பலமுறை சொன்னேன். போன தீபாவளிக்கு ஒருவர் யோசனை சொன்னார் என்று டெலிவரி சார்ஜை எடுத்தோம். விற்பனை கூடியது, லாபம் குறைந்தது. மீட்டிங்கில் அவரிடம் கணக்குக் கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் வாயே திறப்பதில்லை. இந்தப் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: அவர்கள் வாய் மூடியது அந்த மீட்டிங்கில்தான். யோசனை சொன்னவர் தலையில் நஷ்டம் விழும் என்று தெரிந்துவிட்டால், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் ஏன் சொல்லப்போகிறார்? எல்லோர் முன்பும் கணக்குக் கேட்டீர்கள். அதே போல எல்லோர் முன்பும், ‘சார்ஜை எடுக்கும் முடிவு என்னுடையது’ என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, தீபாவளிக்கு நீங்கள் செய்தது சோதனையே ஆகாது. எல்லோருக்கும் ஒரே நாளில் சார்ஜை எடுத்துவிட்டதால், பண்டிகைக்காகக் கூடிய விற்பனை எவ்வளவு, சார்ஜ் இல்லாததால் கூடியது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பாதிப் பேருக்குப் பழையபடி, பாதிப் பேருக்குப் புதியபடி, இரண்டும் ஒரே நாட்களில் நடந்தால்தான் ஒப்பிட முடியும். 1920-களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் இதற்கு இலக்கணம் வகுத்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தால்தான், விளைச்சல் கூடியது உரத்தாலா மண்ணாலா என்று சொல்ல முடியும் என்றார். வாடிக்கையாளர்களை இப்படி இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் இன்றைய ஏ/பி டெஸ்டுக்கும் அடிப்படை அதுதான்.

அடுத்து, உங்களைப் பற்றி. முதலாளியின் கருத்தையும் சோதனைதான் தீர்மானிக்க வேண்டும். அமேசானில் கிரெக் லிண்டன் என்ற பொறியாளர், கூடையில் இருக்கும் பொருளை வைத்து வேறு பொருள்களைப் பரிந்துரைக்கும் வசதியைச் செய்து காட்டினார். பணம் கட்டப் போகிறவரின் கவனம் சிதறும் என்று ஒரு மூத்த துணைத் தலைவர் தடை போட்டார். லிண்டன் அதை மீறிச் சோதனைக்கு விட்டார், அது பெரிய வித்தியாசத்தில் வென்றது. மேலதிகாரிக்குக் கோபம்தான். ஆனாலும் ஒரு சோதனையை நிறுத்துவது அங்கே மேலிடத்துக்கும் எளிதாக இருக்கவில்லை. உங்கள் கடையிலும் அந்த நிலை வர வேண்டும். முதல் சோதனை உங்கள் சொந்த நம்பிக்கை ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும். அது தோற்று, நீங்கள் அமைதியாக ஏற்றுக்கொள்வதைப் பார்த்தால் மற்றவர்கள் தானாகவே பேசத் தொடங்குவார்கள்.

தோல்வி சகஜம் என்பதற்கு மைக்ரோசாஃப்ட்டின் அனுபவமே சான்று. அங்கே சோதித்த யோசனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பலன் தந்தது. ஒரு பங்கு எந்த மாற்றமும் தரவில்லை, ஒரு பங்கு கெடுதல் செய்தது. அதே நிறுவனத்தின் பிங் தேடுதளத்தில், விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தை மாற்றும் சின்ன யோசனை ஆறு மாதத்துக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2012-ல் ஒரு பொறியாளர் அதைச் சோதித்தபோது வருமானம் 12% கூடியது. எது ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல அனுபவசாலிகளாலும் முடியவில்லை. அதனால்தான் சோதனை மலிவாகவும் வேகமாகவும் நடக்க வேண்டும்.

ஆனால் பெரிய கம்பெனியின் வழி உங்களுக்கு அப்படியே பொருந்தாது. 100 பேர் வந்தால் 2 பேர் வாங்கும் கடையில், விற்பனையில் 10% முன்னேற்றத்தை நம்பிக்கையோடு கண்டறிய, பழையது, புதியது என ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80,000 பேர் வர வேண்டும். உங்களுக்கு அது ஐந்து மாத வேலை. 30% முன்னேற்றம் என்றால் பக்கத்துக்கு 9,000 பேர், அதாவது 18 நாளிலேயே அந்த எண்ணிக்கை சேர்ந்துவிடும். எனவே பட்டனின் நிறத்தை மாற்றிப் பார்ப்பதில் காலத்தைச் செலவிடாதீர்கள். டெலிவரி சார்ஜ், கேஷ் ஆன் டெலிவரி விதி, துணியின் அளவையும் கனத்தையும் காட்டும் விதம் போன்ற பெரிய விஷயங்களில் கை வையுங்கள்.

திரும்பி வரும் பார்சலில் இருந்தே தொடங்கலாம். இதற்கு மென்பொருள்கூட வேண்டாம். ஒற்றைப்படை ஆர்டர் எண்களுக்கு மட்டும் பேக்கிங்குக்கு முன் வாட்ஸ்அப்பில் முகவரியையும் தொகையையும் அனுப்பி, ‘அனுப்பலாமா?’ என்று கேளுங்கள். இரட்டைப்படைக்கு வழக்கம்போல. தொடங்குவதற்கு முன்பே நோட்டில் நான்கு வரி எழுதிவிடுங்கள்:

எதிர்பார்ப்பு: திரும்புவது 25%-லிருந்து 15%-க்கு இறங்கும்.
அளவு: இரு பக்கமும் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் தலா 300, ஏறக்குறைய 40 நாள்.
கவனிக்க வேண்டியது: பதில் வராததால் ரத்தாகும் நல்ல ஆர்டர்கள். இரு பக்கமும் கைக்கு வந்த பணத்தை ஒப்பிட வேண்டும்.
முடிவு: இறங்கினால் எல்லோருக்கும், இல்லையென்றால் கைவிடுவது.

கடைசி வரிதான் முக்கியம். விதியை முன்பே எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதமும் பழிபோடுவதும் இருக்காது. நாலாம் நாளே ஒரு பக்கம் முந்துகிறது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, சின்ன எண்ணிக்கை ஏமாற்றும். சம்பளம் வரும் முதல் வாரத்தில் மக்கள் வாங்குவது வேறு, மாதக் கடைசியில் வேறு. குறைந்தது ஒரு முழு மாதமாவது ஓடட்டும்.

யார் அனுமதி தருவது? அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், முடிவுகளைத் திரும்பி வர முடிந்த கதவு, முடியாத கதவு என்று இரண்டாகப் பிரிப்பார். ஒரே நாளில் பழைய நிலைக்குத் திருப்ப முடியும், நஷ்டம் அதிகபட்சம் 5,000 ரூபாய் என்றால் உங்களைக் கேட்காமலே தொடங்கலாம் என்று அறிவியுங்கள். நெசவாளர் ஒப்பந்தம், கிடங்கு வாடகை போன்றவை மட்டும் உங்களிடம் வரட்டும்.

சிலவற்றைச் சோதனைக்குக்கூட எடுக்காதீர்கள். ஒரே பெட்ஷீட்டுக்கு ஆளுக்கொரு விலை காட்டினால், ஒரு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே விஷயம் வெளிவந்துவிடும். கையிருப்பு இருக்கும்போதே ‘இன்னும் 2 மட்டுமே’ என்று போடுவது பொய். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் இப்படிப் போலி அவசரம் காட்டுவதும் ஒன்று.

மாதக் கடைசியில் எத்தனை சோதனை வென்றது என்று கேட்காதீர்கள், எத்தனை முடிந்தது என்று கேளுங்கள். முகப்புப் பக்கம், பணம் கட்டும் பக்கம், பேக்கிங் என்று தனித்தனி இடங்களில் ஒரே சமயத்தில் ஓடவிட்டால் வருடத்துக்கு 15 முடிக்கலாம். அதில் ஐந்து கைகொடுத்தாலே கடை வளரும். மற்ற பத்தும் வீணல்ல. எல்லோருக்கும் போட்டிருந்தால் பலனில்லாமலோ நஷ்டமாகவோ முடிந்திருக்கக்கூடிய யோசனைகளைச் சின்னச் செலவில் தெரிந்துகொண்டீர்கள் என்று பொருள்.