செஞ்சிக் கோட்டையும் மழைக் கணக்கும்

"இந்தியா பருவக்காற்று நாடு" என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்தக் காற்று உங்கள் ஊருக்கு எப்போது மழை தருகிறது? விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்கு வாருங்கள், பார்ப்போம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று பாறைக் குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை இது. மொகலாயப் படை இதனை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. முற்றுகையில் சிக்கிய கோட்டைக்குத் தண்ணீரே உயிர். அது எப்படிக் கிடைத்தது?

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இழந்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்றோ வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. நம் கடலோர மாவட்டங்களுக்கு அதுவே முதன்மையான மழைக்காலம்.

பாறை நீரை உறிஞ்சாது, மழைநீர் வழிந்தோடும். அதனைச் சுனைகளிலும் குளங்களிலும் தேக்கினார்கள். ராஜகிரியின் அடிவாரத்தில் சக்கரக்குளத்தையும் செட்டிகுளத்தையும் இன்றும் காணலாம்.

இனி ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். ஒரு ஹெக்டேர் பாறையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,00,000 லிட்டர்! ஆவியாகியும் கசிந்தும் பாதி போனாலும், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம் 100 பேருக்கு 100 நாள் வரும்.

உங்கள் பள்ளிக் கூரையின் பரப்பை அளந்து, இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.