வேர் எது, இலை எது?



ரஹாங் வட்டாரத்தில் நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். ரப்பர் போய் செம்பனை வந்தபோது, "எனக்குச் சீவத்தான் தெரியும்"னு நின்னவங்க ரொம்ப சிரமப்பட்டாங்க என்று என் தாத்தா சொல்வார். அதே சோதனை பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கும் வருகிறது. அப்போது வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்பார்கள். அந்த வேலையில் உலகப் புகழ் பெற்றவர் சி.கே. பிரகலாத். அவர்தான் இந்தப் பாடம்.

யார் இவர்?

1941இல் கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தார். 19 வயதில் யூனியன் கார்பைட் பேட்டரி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, நாலு வருஷம் இருந்தார். பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்., அடுத்து ஹார்வர்ட். 1975இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 2010இல் காலமானார்.

மரம் சொல்லும் பாடம்

1990இல் கேரி ஹாமல் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கம்பெனியை மரம் மாதிரி பாருங்க என்றார்கள். நாம் கடையில் வாங்கும் பொருள்கள் இலையும் கனியும். கிளைகள் தனித்தனி வியாபாரப் பிரிவுகள். எல்லாவற்றையும் தாங்கும் வேர்தான் அந்தக் கம்பெனியின் மூலத் திறன்.

அவர்கள் காட்டிய உதாரணம்: 1980இல் அமெரிக்காவின் ஜி.டி.இ. கம்பெனிக்கு விற்பனை சுமார் 1,000 கோடி டாலர், ஜப்பானின் என்.இ.சி.க்கு 380 கோடிதான். 1988இல் ஜி.டி.இ. 1,650 கோடி, என்.இ.சி. 2,190 கோடி! கணினியும் தொலைத்தொடர்பும் ஒன்றாகிவிடும் என்று என்.இ.சி. முன்பே கணித்து, அதற்கு வேரான குறைகடத்தித் திறனை வளர்த்தது. ஜி.டி.இ. கிளைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

பிலிப்ஸ் பட்ட பாடு

1990இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பெனி பெரிய நஷ்டத்தில் தவித்தது. புதிய தலைவர் யான் டிம்மருக்கு ஆலோசகராகப் பிரகலாத் போனார். டிம்மர் முக்கிய மேலாளர்கள் சுமார் நூறு பேரைக் கூட்டி, ஒரு தாளைக் கையில் கொடுத்தார். "பிலிப்ஸ் திவால்" என்று சொல்லும் கற்பனைப் பத்திரிகைச் செய்தி அது! காப்பாற்றுவது உங்கள் கையில் என்றார். கம்பெனி தப்பியது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. மாற்றத்துக்கு விலை உண்டு; தாமதமானால் அந்த விலையைக் கீழே இருப்பவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

ஏன் தாமதம் ஆகிறது? முன்பு ஜெயித்த வழியே மண்டையில் உட்கார்ந்துகொள்ளும், கண் முன்னால் நடப்பதையே மறைக்கும். 1986இல் ரிச்சர்ட் பெட்டிஸுடன் சேர்ந்து பிரகலாத் இதைப் பற்றி எழுதினார். புதுசா கத்துக்கிறதைவிட பழசை மறப்பதுதான் கஷ்டம்.

ஆலோசகருக்கும் சறுக்கல் வரும். 'பிரஜா' என்ற கணினி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அது நினைத்தபடி வளரவில்லை, 2002இல் விற்கப்பட்டது. சொல்வது வேறு, செய்வது வேறு என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுத்தையும் ஆலோசனையையும் விடவில்லை.

நமக்கு என்ன?

நானும் பொறியியல் மாணவன். இன்று படிக்கும் மென்பொருள் ஐந்து வருஷத்தில் பழசாகலாம். அது இலை. கணக்கு, தெளிவாக யோசிப்பது, குழுவாக வேலை செய்வது ஆகியவை வேர்.

நம் சமய வகுப்பும் அப்படித்தான். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தபோது, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வம் இல்லை"னு நாங்களே குறை சொன்னோம். பிறகு பிள்ளைகளிடமே கேட்டோம். அதே நேரத்தில் டியூஷன் இருந்ததாம்! நேரத்தை மாற்றினோம், சிலர் திரும்பி வந்தார்கள். வகுப்பு நேரம் இலை. தேவாரமும் பக்தியும் வேர். இலை உதிரட்டும், வேரைக் காப்போம்.

சிந்திக்க:
1. உங்கள் கிளையில் "எப்பவும் இப்படித்தான்" என்று செய்யும் ஒரு காரியம் எது? அது வேரா, இலையா?
2. ஒன்றை மாற்றினால் யாருக்குச் சிரமம்? அவர்களிடம் முதலில் பேசினீர்களா?
3. உங்கள் படிப்பில் எது வேர்?

அடுத்த கூட்டத்தில் பதில்களோடு வாருங்கள்.