நிலம் இழந்தோர் நிரப்பிய நிலப்படம்

நுழையும்முன்

வீடுகளும் தெருக்களும் அழிக்கப்பட்ட பின்னும், அங்கு நெடுங்காலம் வாழ்ந்தோரின் நினைவில் ஊர் நிலைத்திருக்கும். அந்நினைவுகளைக் கலையாக்கிய ஒரு நகரப்பகுதியின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஓர் ஊரின் அழிவு

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரிலுள்ள பகுதி 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்'. 1867ஆம் ஆண்டு அந்நகரின் ஆறாம் வட்டமாக வகுக்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள், கைவினைஞர், வணிகர், தொழிலாளர், புலம்பெயர்ந்தோர் எனப் பல்வேறு இனத்தவரும் சமயத்தவரும் அங்கே அண்டை வீட்டாராக வாழ்ந்தனர்.

1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு, அப்பகுதி வெள்ளையருக்கு மட்டுமே உரியது என அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, 'கேப் ஃபிளாட்ஸ்' என்னும் தொலைவான மணற்பரப்பில் குடியமர்த்தப்பட்டனர். வீடுகளும் கடைகளும் தரைமட்டமாயின. வழிபாட்டிடங்கள் சில மட்டும் எஞ்சின.

தரையில் எழுந்த ஊர்

நிறவெறி ஆட்சி முடிவுற்ற 1994ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில், பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் தரையில் பழைய தெருக்களின் பெரிய நிலப்படம் விரிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் வந்து, தம் வீடு இருந்த இடத்தைத் தேடிக் கண்டு, அதில் குடும்பப் பெயரை எழுதினர். இவ்வாறு, கலைஞர் வரைந்த தெருக்களில் மக்கள் மீண்டும் குடியேறினர்.

இடிப்புப் பணியின் மேற்பார்வையாளர் ஒருவர் அழிக்காமல் காத்துவைத்திருந்த தெருப்பெயர்ப் பலகைகளும் அங்கே தொங்கவிடப்பட்டன. நீண்ட துணியொன்றில் முன்னாள் குடியிருப்பாளர்கள் தம் பெயரையும் நினைவுகளையும் எழுதினர். மை மங்கிவிடாதவாறு அவ்வெழுத்துகளின்மேல் நூலால் பூவேலை செய்யப்பட்டது. எழுதியவரின் கையெழுத்து வடிவம் மாறாமல் துணியில் நிலைபெற்றது.

நினைவும் உரிமையும்

ஆளில்லா வெற்றுநிலம் என எவரும் கூற இயலாதவாறு, இன்னார் இங்கே வாழ்ந்தார் என்பதற்கு இக்கலைப்படைப்புகள் சான்றாயின. நிலமீட்பு முயற்சிக்கும் அருங்காட்சியகம் துணைநின்றது. 2004 பிப்ரவரி 11 அன்று, திரும்பி வந்த முதியோரிடம் நெல்சன் மண்டேலா புதிய வீட்டின் சாவிகளை வழங்கினார். எனினும், உரிமை கோரிய பலர் வீடு திரும்பாமலேயே மறைந்தனர். அவர்தம் பெயர்களை அந்நிலப்படமும் துணியும் தாங்கி நிற்கின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் தெருவில் நெடுங்காலமாக வாழும் முதியோரிடம் உரையாடி, அன்றைய தெருவின் படத்தை வரைக. அவர்கள் கூறியவற்றை அவர்தம் சொற்களிலேயே அதில் எழுதுக. அவர்களிடம் காட்டி, இசைவு பெற்றபின் வகுப்பறையில் காட்சிப்படுத்துக.