புகைப்படத் தொழிலும் தேடுபொறியும்

பழவேற்காட்டு ஏரியிலே பாடு என்றொரு பழைய வழக்கம் உண்டு. வளமிக்க துறைகளில் உரிமையுடைய குப்பத்தார் முறைவைத்து வலையிடுவர். முந்தியவரே முழுதும் வாரிக்கொள்ள அஃது இடந்தராது. இணையமென்னும் பெருங்கடலிலோ அத்தகைய முறைவைப்பு இல்லை. தேடுபொறி எவர் பக்கத்தை முன்னே காட்டுகின்றதோ, அவரையே வேலை கொடுப்போர் பெரும்பாலும் நாடுவர். ஆதலின், புகைப்படம் எடுத்துப் பிழைப்போர் அப்பொறியின் இயல்பை அறிதல் இன்றியமையாதது.

1998-ஆம் ஆண்டில் தோன்றிய கூகிள் நிறுவனம், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் சுட்டும் இணைப்புக்களை அதன் மதிப்புக்கு ஓர் அளவாகக் கொண்டது. பின்னர் வேறு பல அளவுகளும் சேர்ந்தன. படத்திலுள்ளது பறவையென்று பொறி இந்நாளில் ஒருவாறு அறியும். எனினும், அஃது எவ்வூரில், எத்திங்களில் நின்றதென்பதைப் படத்தைச் சூழ்ந்த எழுத்துக்களாலேயே பெரிதும் உணரும்.

இனிச் செய்யத்தக்கவற்றைக் கூறுவாம்.

முதலாவது, காமிரா இட்ட எண்ணை நீக்கிப் படத்துக்குப் பொருளுடைய பெயரிடுக.

இரண்டாவது, மாற்றுரை எழுதுக. "ஏரிப் படம்" என்பது போதாது. "பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலிற் செதுக்கிய எலும்புக்கூடு" என்பதே தக்கது. கண்பார்வையற்றோருக்கு அவ்வுரையே படமாதலையும் நினைவிற்கொள்க.

மூன்றாவது, பழவேற்காடு என்று தேடுவாரும் உளர். புலிகாட் என்று ஆங்கிலத்தில் தேடுவாரும் உளர். இரு பெயரையும் பக்கத்தில் இயல்பாக அமைக்க.

நான்காவது, படக்கோப்பின் எடையைக் குறைக்க. கைப்பேசியில் மெல்லத் திறக்கும் பக்கத்தை எவரும் பொறார்.

ஐந்தாவது, திருமணம் முதலியவற்றுக்குப் படமெடுப்போர் தம் தொழிலிடத்தைக் கூகிள் வரைபடத்திற் பதிவு செய்க. அயலூரார் தேடுங்கால் அது முன்னிற்கக்கூடும்.

ஒரே சொல்லைப் பன்முறை அடுக்குதல் பயன்தராது, கெடுதியே தரும். பக்கத்தினுள்ளே மறைத்தெழுதும் குறிச்சொற்பட்டியலை வரிசைப்படுத்துதற்குக் கொள்வதில்லையென்று கூகிள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. கோட்டைக்குப்பத்து வலையை வேற்றூர் வலையென்று எழுதினால், பொறி அப்பிழையைப் பலர்க்கும் பரப்பும்; அக்குப்பத்தார் தம் ஊரைத் தேடுங்கால் தம்மைக் காணார். வலையிழுக்கும் முதியவரின் முகத்தை அவர் இசைவின்றி விற்பனைக்கு வைத்தலும் முறையன்று. பூநாரைகள் இரைதேடும் இடத்தைப் படக்கோப்பில் மறைந்துள்ள இடக்குறிப்பு காட்டிவிடுமாயின், படகுகள் அங்கே திரண்டு பறவைகளைக் கலைக்கக்கூடும். அக்குறிப்பை நீக்கியபின் வெளியிடுதல் நன்று.

தேடுவோன் முன்னே முதலில் நிற்றல் தொழிலுக்கு ஊதியம். ஆங்கு நிற்குங்கால் மெய்யுடன் நிற்றலே அதனை நிலைநிறுத்தும். பாட்டு முறையிற் பிறர் பங்கை மதிக்கும் ஏரிக்கரையார் இதனை நன்கறிவர்.